அக்கா பெயர் வைத்த படங்கள்

1

இந்த மாதத்தோடு நான் கொரியாவுக்கு வந்து பத்து வருஷம். எங்கள் கம்பெனியில் பத்து வருஷம் முடித்தவர்களை வரிசையாக நிற்கவைத்து, மேலாளர் கையால் ஆளுக்கொரு கவர் கொடுப்பார்கள். ஊர்ப் பழக்கத்தில் ஒரு சால்வையாவது போடுவார்கள் என்று நினைத்து நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கவரைப் பிரித்தால் இரண்டு சினிமா டிக்கெட். பக்கத்தில் நின்ற கொரியக்காரர் தன் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பையில் திணித்தார். நான் போட்டோ எடுத்து விருத்தாசலத்தில் இருக்கிற அக்காவுக்கு அனுப்பினேன்.

அக்கா எப்போதும் குரலில்தான் பதில் அனுப்புவாள். "சால்வை போட்டிருந்தா பீரோவுலதான்டா கெடக்கும். இது நல்லது. பாத்துட்டு வந்து கதையச் சொல்லு. எழுதி அனுப்பு, பேசி அனுப்பாத."

எழுதித்தான் அனுப்ப வேண்டும். அக்காவுக்குக் காது கேட்காது.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். அங்கே என்ன சம்பளம் என்பது ஒன்று. நல்ல கொரியன் படமாக நாலு சொல்லேன் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மழுப்பிவிடுவேன். இரண்டாவதற்கு நீளமாகப் பதில் சொல்வேன். நான் சொல்கிற படங்கள் எல்லாம் அக்கா பார்த்து, சரி என்று சொன்னவை. அவள் சரி என்று சொல்லாத படத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. அது எப்படி வந்தது என்பதை இந்தப் பத்தாவது வருஷத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் விருத்தாசலத்தில் செராமிக் படித்தவன். ஜாடி, பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று பீங்கான் சூளைகளுக்கு நடுவில் வளர்ந்துவிட்டு, கடல் தாண்டி வந்து இறங்கியதும் இன்னொரு பீங்கான் ஊரில்தான். இச்சோன் என்று பெயர். மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர்களைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை. கூட மனைவி மாலதி, மூன்று வயது மகள் யாழினி. மண்ணும் சூடும் எனக்குப் புதிதில்லை. பேச்சுதான் புதிது.

குடியேற்ற அலுவலகத்தில் அடையாள அட்டை எடுக்கப்போன அன்றே சிக்கல் தொடங்கியது. என் பெயர் ஆனந்தன். அப்பா பெயர் கோவிந்தசாமி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. இவர்கள் குடும்பப் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள், அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் எல்லார் எதிரிலும் "கோபின்துசாமி, கோபின்துசாமி" என்று என் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். கட்டத்துக்குள் முழுப் பெயரும் அடங்காது. ஒவ்வொரு தடவை அட்டையை நீட்டிக்கப் போகும்போதும் கடைசியில் ஏதாவது ஓர் எழுத்து உதிர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய இன்னொரு நாள் லீவு போட வேண்டும்.

பேச்சில் அதைவிட மோசம். கொரிய மொழியில் 'கம்ஸா' என்றால் நன்றி. 'கம்ஜா' என்றால் உருளைக்கிழங்கு. நம் வாயில் இந்த இரண்டும் சுலபமாக இடம் மாறிவிடும். முதல் வருஷம் பூராவும் கதவைத் திறந்துவிட்டவருக்கும், காபி வாங்கிக் கொடுத்தவருக்கும் நான் குனிந்து குனிந்து உருளைக்கிழங்கு சொல்லியிருக்கிறேன். அவர்களும் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

கடைசியில் அந்தத் தப்பை எடுத்துச் சொன்னவர் எங்கள் ஆய்வகத்தின் மூத்தவர், சோய் என்பவர். நீ காதால் கற்றுக்கொள்ளப் பார்க்கிறாய், எங்கள் பேச்சு வேகத்தில் வார்த்தையெல்லாம் ஒட்டிக்கொள்ளும், அதனால் கண்ணால் கற்றுக்கொள் என்றார். அவருடைய அம்மாவுக்கு வயதாகிக் காது மந்தம். அந்த அம்மாவுக்காக அவர் வீட்டில் டீவியில் பேசுவதெல்லாம் எப்போதும் அடியில் எழுத்தாக ஓடுமாம். காது கேளாதவர்களுக்காகவே எழுத்துப் போட்ட கொரியப் படங்கள் இருக்கின்றன, அவற்றைப் பார் என்று சொல்லி, எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னார்.

கொரிய எழுத்து கற்றுக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை. ஒரு மாதத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அப்படி முதலில் முழுதாகப் பார்த்த படம், ஒரு மலைக்கிராமத்தில் பஸ் ஓட்டும் கிழவரைப் பற்றியது. ஓய்வுபெற அவருக்கு ஒரு மாதம் இருக்கிறது. தலைநகரத்தில் தோற்றுப்போய்த் திரும்பிவந்த மகள், அந்த பஸ்ஸை நான் ஓட்டுகிறேன் என்கிறாள். அப்பன் அவளோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் பஸ்ஸில் வரும் கிழவிகளிடம் சொல்வார். அவர்கள் மகளிடம் சொல்வார்கள். சண்டையில்லை, பாட்டில்லை, கெட்டவன் என்று ஒருத்தனும் இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு ஆள் ஸ்டியரிங் துடைப்பதை இவ்வளவு நேரம் காட்டலாமா, காட்டினால் இவ்வளவு நன்றாக இருக்குமா என்று ஆச்சரியமாக இருந்தது.

3

செல்வி அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். எங்கள் தெருவில் படம் பார்க்க இரண்டு வழி இருந்தது. டிக்கெட் வாங்கித் தியேட்டருக்குப் போகலாம். இல்லையென்றால் அக்கா போய்விட்டு வரும்வரை காத்திருக்கலாம். அவள் வந்து சொல்வது படத்தைவிட நீளமாக இருக்கும். மாமியார் பேசும்போது மாமியார் குரல், போலீஸ்காரர் பேசும்போது போலீஸ் குரல். அவள் சொல்லிக் கேட்டுவிட்டு ஆசையாகப் போய்ப் படத்தைப் பார்த்தவர்கள், நீ சொன்ன அளவுக்கு அதில் இல்லையே என்று அவளிடமே வந்து குறைப்பட்டிருக்கிறார்கள்.

மாமா ரயில்வேயில் டிராக்மேன், தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிறவர். விருத்தாசலம் ஜங்ஷனில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு அக்கா தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் சேர்ந்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்கு ஓரம் சீவ வேண்டும், சூளையில் வெந்து வந்ததும் கண்ணும் பொட்டும் எழுத வேண்டும். அங்கேயும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவளுடையதுதான். டிபன் பாக்ஸைத் திறக்கும்போது டைட்டில் ஓடும், கை கழுவும்போது இடைவேளை வரும்.

நான் இங்கே வந்த மூன்றாவது வருஷம் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். உயிர் பிழைத்தாள். காது போய்விட்டது. காதுக்கு மிஷின் வாங்கி மாட்டினார்கள். ஏதோ சத்தம் வருகிறது, பேச்சு பேச்சாக வரவில்லை. "பக்கத்து வூட்டுல மிக்சி ஓடற மாதிரி இருக்குதுடா" என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டாள்.

பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பேசுவதைக் குறைத்தாள். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ ரகசியம் சொல்லியிருக்கிறாள். முன்னால் இருந்த கண்டக்டர் வரைக்கும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வெளியே வாயைத் திறப்பதில்லை. கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை. யூனிட்டிலும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். மாமா போனில் என்னிடம் ஒருநாள் சொன்னார்:

"டாக்டரு காதுதான் போச்சுன்னாரு மாப்ள. இவ வாயையும் சேத்து மூடிக்கிட்டா. வூட்ல ரெண்டு பேரு இருக்கோம், ஒரு பேச்சுச் சத்தம் கெடையாது. டீவியப் போட்டு வுட்டுட்டு நான்மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

4

அடுத்த லீவுக்குப் போனபோது அதை நேரில் பார்த்தேன். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து டீவியில் பழைய காமெடி ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் சிரித்தபோது அக்காவும் சிரித்தாள். ஆனால் ஒரு நொடி தாமதமாக. அவள் டீவியைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த முகம் தெரிந்ததாக இருந்தது. கம்பெனிக் கேன்டீனில் கொரியர்கள் வேகமாக எதையோ பேசிச் சிரிக்கும்போது நானும் அப்படித்தான் முகம் பார்த்துச் சிரிப்பேன். எனக்குச் சோய் சொன்ன வழி இவளுக்கும் ஆகாதா என்று தோன்றியது.

மறுநாள் லேப்டாப்பில் அந்த பஸ் ஓட்டும் கிழவர் படத்தை ஆங்கில எழுத்தோடு போட்டுக் கொடுத்தேன். அக்கா தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவள். ஆங்கிலம் வாசிப்பாள், ஆனால் மெதுவாக. கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுருக்கினாள். "எழுத்து ஓடிப் போயிடுதுடா. பஸ்ஸப் புடிக்க ஓடற மாதிரி பின்னாடியே ஓடறேன்" என்றாள். நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். தெரியாத வார்த்தைக்கு மாலதியைக் கூப்பிட்டாள். அந்த ஒரு படத்துக்கு மூன்று நாள் ஆனது. ஆனால் விடவில்லை.

முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மாமா வேலை முடிந்து வந்து டீ கேட்டார். டீயைக் கொடுத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, அந்த மலை எப்படி இருந்தது என்பதில் ஆரம்பித்தாள். கிழவர் பேசும்போது கிழவர் குரல், மகள் பேசும்போது மகள் குரல். டீ ஆறிப்போய், விளக்குப் போட்டு, சாப்பாடு ஆகும் வரைக்கும் ஓடியது. மாமா பாதியில் எழுந்து வெளியே வந்து என் தோளைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது.

"கொஞ்சம் சத்தமாத்தான் பேசறா," என்றார். "பேசட்டும்."

கொரியன் படம் தமிழ் பேசி வர ஆரம்பித்த காலம் அது. ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். தெரிந்தவர்கள் எல்லாம், அக்காவுக்கும் இனிமேல் கவலையில்லை, தமிழிலேயே வருகிறதே என்றார்கள். டப்பிங் படம் அவளுக்கு எதற்கு? அதில் எழுத்து இருக்காது. அசையும் வாய்க்கும் பேசும் பேச்சுக்கும் ஒட்டும் இருக்காது. அவளுக்கு வேண்டியது கொரியப் பேச்சும் தமிழ் எழுத்தும். தேடிப்பார்த்தேன். அப்படிக் கிடைத்தவை மிகக் கொஞ்சம். கிடைத்ததும் அடிதடிப் படங்கள். பஸ் ஓட்டும் கிழவருக்கு யார் தமிழில் எழுதப்போகிறார்கள்?

5

இங்கே யாழினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வயதில் வந்தவள், பேசுவதும் சண்டை போடுவதும் கனவு காண்பதும் கொரிய மொழியில்தான். நாங்கள் தமிழில் கேட்டால் கொரியத்தில் பதில் வரும். தமிழ் எழுத்து அவளுக்குப் பாதிதான் தெரியும். வாரக் கடைசியில் ஆன்லைன் தமிழ் வகுப்பில் சேர்த்தோம். இரண்டாவது மாதமே வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் வலி சரியாகிவிடும். ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் கேட்பதற்கு உம், உம்ஹூம் என்று பதில் சொல்லிவிட்டு போனுக்குள் போய்விடுவாள். அவள் எங்களை விட்டு எங்கோ தூரமாக நடந்து போய்க்கொண்டிருப்பதுபோல் மாலதிக்குப் பயம்.

அத்தைக்கு பஸ் படத்தைத் தமிழ் எழுத்தில் போட்டுக் கொடுக்கலாமா, எங்கள் குடும்பத்துக்குள் மட்டும், என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன். வேகமாகப் பேசும் இடங்களில் எனக்குக் கொரியம் இன்னும் தடுமாறும், நீ கேட்டுச் சொன்னால் நான் தமிழில் எழுதுகிறேன் என்றேன். அத்தை பார்ப்பாங்களா என்று கேட்டாள். பார்த்துவிட்டுத் திட்டுவாள் என்றேன். அது அவளுக்குப் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை சனிக்கிழமையாக உட்கார்ந்தோம். ஒரு இடத்தில் நிறுத்தி அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். கொரியத்தில் மரியாதையாகப் பேசும்போது கடைசியில் 'யோ' என்று ஒட்டுவார்கள். "அப்பா, இந்த யோதான் நம்ம ஊர்ல ங்கவா? வாங்க, போங்க, சொல்லுங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அப்பன் பேசாமல் இருக்கும்போதெல்லாம் மகள் 'யோ' சேர்த்துப் பேசுகிறாள், கடைசியில் அவர் பேச ஆரம்பித்ததும் அவள் அதை விட்டுவிடுகிறாள் என்பதையும் அவள்தான் சொன்னாள். நான் அந்தப் படத்தை நான்கு தடவை பார்த்தவன். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

முதல் பத்து நிமிஷத்தை எழுதி அக்காவுக்கு அனுப்பினோம். பதில் குரல் உடனே வந்தது.

"யாருடா இப்பிடிப் பேசுவா? 'நீ எங்கே செல்கிறாய்'னு எந்த டிரைவரு கேப்பான்? நியூஸ் படிக்கிற மாதிரி இருக்குது. நம்ம வூட்ல பேசற மாதிரி எழுது. ரெண்டு வரிக்கு மேல போவாத."

எல்லாவற்றையும் மாற்றினோம். அடுத்து யாழினி, கொரியப் படங்களில் போடுவதுபோல அடைப்புக்குறிக்குள் சத்தங்களையும் எழுதினாள். கதவுச் சத்தம், மழைச் சத்தம், பஸ் சத்தம் என்று. அதற்கும் அக்காவிடமிருந்து பதில் வந்தது. இந்தத் தடவை திட்டில்லை, மெதுவாகப் பேசியிருந்தாள்.

"மழ பேயறது எனக்குக் கண்ணுக்குத் தெரியுதுடி யாழு. அது எப்பிடிப் பேயுதுன்னு எழுது."

யாழினி அதை இரண்டு மூன்று தடவை கேட்டாள். பிறகு அத்தைக்குப் போனில் எழுத ஆரம்பித்தாள். கொரியத்தில் மழைக்கே விதவிதமாகச் சத்த வார்த்தைகள் உண்டு. பலமாகப் பெய்தால் ஜுரூக் ஜுரூக், பூந்தூறலுக்குப் பொசுல் பொசுல். அதற்கெல்லாம் தமிழில் என்ன என்று கேட்டாள். சோ, படபட, பிசுபிசு, சடசட என்று அக்கா குரலில் சொல்லி அனுப்பினாள். கூரை ஓடா தகரமா என்று திருப்பிக் கேட்டாள். தகரம் என்றதும், அப்போ தடதடன்னு போடு என்றாள். கிழவர் சரளைக்கல்லில் நடப்பது நறநற, பழைய இன்ஜின் கிளம்பும்போது கடகட, கிழவிகள் பின்சீட்டில் ரகசியம் பேசுவது குசுகுசு. படத்தில் இருக்கும் சத்தத்தை யாழினி கேட்டு, அது கனமா மெல்லிசா, விட்டு விட்டு வருதா என்று எழுதுவாள். அத்தை அதற்கு வார்த்தை சொல்வாள். வார்த்தை சரியில்லை என்று பட்டால் யாழினி விடமாட்டாள், இன்னொரு தடவை கேட்டுவிட்டு வந்து இல்லை அத்தை என்பாள். ஒரு பழைய கைப்பிரேக்கின் சத்தத்துக்கு இருவரும் இரண்டு நாள் சண்டை போட்டார்கள்.

இதையெல்லாம் எழுத யாழினிக்குத் தமிழ் எழுத்து வேண்டியிருந்தது. கற்றுக்கொண்டாள். நாங்கள் படி என்று சொல்லவில்லை. ஒருநாள் மாலதி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பள்ளிக்கூட நோட்டின் ஓரத்தில், கொரிய மொழியில் எழுதிய வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில், குட்டியாகக் 'குசுகுசு' என்று எழுதி வைத்திருந்தாள்.

6

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நிறையப் படங்களுக்கு எழுதிவிட்டோம். கொரியப் படத்தோடு நிற்கவில்லை. மற்ற மொழிப் படங்களுக்குக் கொரிய எழுத்து கிடைக்கும், அதிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவோம். அக்காவுக்குப் படத்தின் நிஜப் பெயர் நிற்பதில்லை. தானே ஒரு பெயர் வைத்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயர்கள்தான் செல்லும்.

முதல் படம் 'பஸ்ஸுப் படம்'. அடுத்தது 'பல்லுப் படம்'. இதுவும் கொரியாதான். ஒரு தீவில் இருக்கும் விதவைத் தாய், மகன் கல்யாணத்துக்குள் பல்செட் கட்டிவிட வேண்டும் என்று படகேறிப் படகேறி டவுனுக்குப் போகிறாள். வாயை மூடிக்கொண்டே சிரித்துப் பழகியவள். கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது என்ன ஆகிறது என்பதை நான் சொல்லமாட்டேன். யூனிட்டில் மறுபடி கதை சொல்ல ஆரம்பித்திருந்த அக்கா இதைச் சொன்னபோது இரண்டு பேர் சாப்பிடாமல் பாக்ஸை மூடிவிட்டார்களாம்.

'கல்யாணம் நின்ன படம்' துருக்கியில் எடுத்தது. பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றைக்குப் பனி கொட்டிப் பாதை அடைபட்டுவிடுகிறது. ஒரு வாரம் எல்லாரும் ஒரே வீட்டில். மாப்பிள்ளை எப்படித் தூங்கி எழுகிறான், யாரிடம் எரிந்துவிழுகிறான், தட்டை எங்கே வைக்கிறான் என்று எல்லாவற்றையும் பெண் பார்த்துவிடுகிறாள். பனி விலகியதும் அவள் எடுக்கும் முடிவுதான் படம். நம் ஊரில் வருஷம் ஒரு தடவை இப்படி பனி கொட்டினால் நல்லது என்று அக்கா குரல் அனுப்பினாள்.

'ரயிலு படம்' ஜப்பான். ஸ்டேஷனில் தொலைந்த சாமான்களை வைத்துக்கொள்ளும் கவுன்டரில் வேலைசெய்யும் ஒரு பெண், ஒரே ஒரு செருப்பு வந்து சேர்ந்ததும், மற்றக் கால் செருப்போடு யார் வீட்டுக்கு நடந்து போயிருப்பார்கள் என்று தேடிக்கொண்டு போகிறாள். சண்டையில்லாத படத்தை மாமா பார்க்கமாட்டார். ஆனால் இதில் தண்டவாளம் வருகிறது என்று உட்கார்ந்தவர் கடைசிவரை எழவில்லை. அந்த ஸ்டேஷனில் வேலை சுத்தமாக நடக்கிறது என்று பாராட்டினார்.

இந்தப் படங்களில் எனக்கு என்ன பிடிக்கிறது என்று பலதடவை யோசித்திருக்கிறேன். மனிதர்கள் வேலை செய்வதை இவர்கள் பொறுமையாகக் காட்டுகிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால் சாப்பிட்டு எழும்வரை கேமரா காத்திருக்கிறது. முக்கியமான இடத்தில் யாரும் பேசுவதில்லை. அப்படிப் பேசாமல் இருக்கும் இடங்கள் வரும்போது, அந்த நிமிஷத்தில் எனக்கும் அக்காவுக்கும் வித்தியாசம் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்க்கிறோம். முன்பின் தெரியாத ஓர் ஊர்க்காரர் யாரோ எடுத்த படம் எங்களுக்கு இதைச் செய்கிறது. அவர்களுக்கு நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் குனிந்து நன்றி சொல்வேன், இப்போது சரியான உச்சரிப்பில்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் பதினைந்து நிமிஷம் முகங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பேர் வாயில் நுழையாது. அதற்காக நிறுத்திவிடாதீர்கள். அக்கா செய்வதுபோல ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு படமே உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

7

போன லீவில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அக்கா மறுபடி கதை சொல்ல ஆரம்பித்து அப்போது நாளாகியிருந்தது. யூனிட்டில் பெண்கள், நீ சொல்லிச் சொல்லிக் கேட்டது போதும், அந்த பஸ்ஸுப் படத்தைக் கண்ணால் காட்டு என்று பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். அதில் அஞ்சலை என்பவர் அக்காவைவிட மூத்தவர். பொம்மைகளைச் சூளைக்குள் அடுக்குவது அவர் வேலை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து, முறுக்குப் பொட்டலத்தோடு வந்திருந்தார். அக்கா சொல்லும் கதைக்கு முதல் ஆளாக வந்து உட்காருகிறவர் அவர்தானாம்.

டீவியில் போட்டேன். கொரியப் பேச்சு கேட்டதும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு எழுத்தைப் பிடித்துக்கொண்டு அமைதியானார்கள். யாழினி தரையில் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் அவர்கள் வாசிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய எழுத்தை வீட்டாரைத் தவிர வேறு யாரும் வாசிப்பது அதுதான் முதல் தடவை. கிழவிகள் வரும் முதல் காட்சியில் எல்லாருக்கும் முன்னால் சிரித்தது அக்கா. வேகமாக வாசித்துப் பழகியவள் அவள்தானே.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா திரும்பி அஞ்சலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் டீவியைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் சிரிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், ஒரு நொடி தாமதமாக. அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

அக்கா எழுந்து போய் அஞ்சலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் அடுத்த எழுத்து வந்ததும் அதைச் சத்தமாக வாசித்தாள்.

முதலில் வெறுமனே வாசித்தாள். இரண்டு மூன்று வரி போனதும் குரல் மாறியது. கிழவருக்குக் கிழவர் குரல். மகளுக்கு மகள் குரல். பின்சீட்டுக் கிழவிகளுக்கு ஆளுக்கொரு குரல். அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் விடவில்லை. இன்ஜின் கடகடன்னுது, கெழவன் நறநறன்னு நடக்கறான் என்று அஞ்சலையின் முழங்கையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அஞ்சலை இப்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. டீவியைப் பார்த்தார்.

பத்து நிமிஷத்தில் மற்ற நாலு பேரும் படிப்பதை நிறுத்திவிட்டு அக்காவைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கொரியப் பேச்சு குறுக்கே வந்து தொந்தரவு செய்தது. ஒருத்தி மாமாவிடம் சைகை காட்டினாள். மாமா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு முழுதாக நிறுத்திவிட்டார். அக்காவுக்கு அது தெரியாது. அவள் வாசித்துக்கொண்டே போனாள். அந்த வீட்டில் அந்த மத்தியானம் கேட்டது அவள் குரல் மட்டும்தான்.

யாழினி என் காதருகில் வந்து, "அப்பா, அத்தை நாம எழுதாததையும் சேத்துச் சொல்றாங்க" என்றாள். கோபமாகச் சொல்கிறாளோ என்று திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்ததும் பெண்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். அஞ்சலை செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். வாயசைவில் அக்காவுக்குப் பாதிதான் புரிந்தது. என்ன சொல்றாங்க என்று என்னைப் பார்த்தாள்.

நான் போனில் எழுதிக் காட்டினேன். 'படம் நல்லா இருந்துச்சு. அந்தக் கெழவன் கொரலு மட்டும் பத்தல. மலைக்காட்டுல பீடி குடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டறவன் கொரலு இன்னும் கரகரன்னு இருக்க வேணாமா?'

அக்கா வாசித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, கிழவர் மகளிடம் முதன்முதலாக நேரில் பேசும் அந்த வரியைச் சொன்னாள்.

"கியர மெதுவாப் போடு. அதுக்கும் என் வயசுதான்."

தெருவில் போன ஒருத்தர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா அதைப் பொருட்படுத்தவில்லை. அஞ்சலையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப?" என்று கேட்டாள். "இப்ப சரியா இருக்குதா?"